காசிக்குப் போன சின்னம்மா

ஆடி மாதம், சீசன் சூடு பிடித்து நாலு மெஷினும் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், காசிராஜனின் அச்சாபீசில் சிவப்பு வெளுத்துப்போயிற்று.

திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் லேபில் அடிக்கிற ஆபீஸ் அது. கல் அச்சு. ஒரு படத்துக்கு நாலு கல். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. நாலும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுந்தால்தான் கிளியின் மூக்கு கிளியிடம் இருக்கும். ஒரு நூல் பிசகினாலும் மூக்கு பக்கத்திலிருக்கிற மாம்பழத்துக்குப் போய்விடும். முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சரி, ஓட்டுங்க" என்று சொல்கிற வேலை காசிராஜனின் மகள் லட்சுமிகாந்தத்துக்கு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், இருபது வயது. அவளுடைய கண்ணுக்குத் தப்பிய பிசகு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. முதலாளி காசிராஜன்தான் என்றாலும், அவருக்கு ஊதாவுக்கும் நீலத்துக்குமே சந்தேகம். வாய்ச் சாமர்த்தியத்தில் காலம் தள்ளுகிறவர்.

சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு எல்லாக் கம்பெனியும் துப்பாக்கி பிடித்த சிப்பாய் படம்தான் கேட்டார்கள். அன்றைக்கும் சிப்பாய்தான் ஓடிக்கொண்டிருந்தார். லட்சுமிகாந்தம் தாளைப் பார்த்துவிட்டு, "அப்பா, சேப்பு பத்தலை" என்றாள். மை கூட்டினார்கள். "இன்னும் பத்தலை." இன்னும் கூட்டினார்கள். மூன்றாம் தடவை மை போடுகிறவர் முணுமுணுத்ததற்குக் காசிராஜன் அவரை ஏசினார். லேபில் லோடு போன மூன்றாம் நாள் கம்பெனிக்காரர் லேபில் கட்டு ஒன்றை மேஜைமேல் வீசினார்.

"அண்ணாச்சி, நான் சிப்பாய் கேட்டேன். நீங்க தக்காளிப் பழத்துக்குத் துப்பாக்கி குடுத்திருக்கீக."

காசிராஜன் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது, லட்சுமிகாந்தம் அந்த லேபிலை எடுத்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒருமுறையும், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒருமுறையும் பார்த்தாள். வலது கண்ணுக்குச் சிப்பாய் ரத்தச் சிவப்பு. இடது கண்ணுக்குப் பழைய செங்கல்.

"அப்பா, தப்பு மையில இல்ல. எங்கண்ணுல."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். தாய் தங்கத்தாய் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் நேர்ந்துகொண்டாள். ஆவணி முடிவதற்குள் கண் தானாகத் தெளிந்துவிட்டது. டாக்டர் தன் மருந்து என்றார், தங்கத்தாய் தன் மாரியம்மன் என்றாள். காசிராஜன் இரண்டு பேரிடமும் "சந்தேகமே இல்ல" என்றார். புரட்டாசியில் அவளுக்கு வலது கால் மரத்தது. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் கடைத்தெரு முழுக்க ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருந்தாள். இந்தத் தடவை டாக்டரும் மாரியம்மனும் ஒருசேரக் கைவிரித்தார்கள். தீபாவளி கழிந்ததும் காசிராஜன் மகளைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறினார்.

அங்கே நரம்புக்கு என்றே ஒரு டாக்டர் இருந்தார். பெயர் குஞ்சிதபாதம். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டினார், குண்டூசியால் குத்தினார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவளுடைய உள்ளங்காலில் குதியிலிருந்து விரல்வரை ஒரு கோடு இழுத்தார். கட்டைவிரல் எல்லாருக்கும்போலக் கீழே மடங்காமல் மெல்ல மேல்நோக்கி நிமிர்ந்தது. டாக்டர் தங்கப் புதையலைக் கண்டவர்போலப் பார்த்தார். பிறகு, எதிரே தகப்பன் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு பேர். மூளையிலயும் தண்டுவடத்திலயும் நரம்புக்கு மேல இருக்கற உறை அங்கங்கே அழிஞ்சுபோறது. வரும், போகும், மறுபடி வரும். இது குளிர் தேசத்து வெள்ளைக்காரங்களுக்கு நிறைய வர்ற வியாதி. நம்ம தேசத்துல நான் பார்த்தது விரல்விட்டு எண்ணலாம்."

காசிராஜனின் பயத்துக்கு நடுவிலேயே, வெட்கங்கெட்ட ஒரு மூலையில், சின்னதாய் ஒரு பெருமையும் தலைகாட்டியது. வந்ததுதான் வந்தது, சீமை வியாதியாக வந்திருக்கிறது. அந்தப் பெருமையை அவரே மனசுக்குள் செருப்பால் அடித்து உட்காரவைத்தார்.

"மருந்து?"

"வர்ற சமயத்துல வீக்கத்தைக் குறைக்க மருந்து இருக்கு. வராம தடுக்க இல்ல. ஆனா நிறையப் பேர் வருஷக்கணக்கா நடமாடிண்டுதான் இருக்கா. ஒண்ணு கேக்கணும். உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி?"

"எங்க வம்சத்துல தலைவலிகூடக் கெடையாதுங்க" என்றார் காசிராஜன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. லட்சுமிகாந்தம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிலபேர் ரத்தத்துல இந்த வியாதிக்கு இடம் கொடுக்கற ஏதோ ஒண்ணு இருக்குன்னு நினைக்கறோம். என்னன்னு தெரியலை. அதனாலதான் கேக்கறேன். ஊருக்குப் போய் எல்லாரையும் தனித்தனியா எனக்குக் கடுதாசி போடச் சொல்லுங்கோ. ரகசியமா இருக்கும்."

ரகசியம் என்ற சொல்தான் வினையாகிப்போனது.

ஏனென்றால் லட்சுமிகாந்தத்துக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வேலுச்சாமி, காசிராஜனின் கூடப்பிறந்த தங்கச்சி பத்திரகாளியின் மகன், ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கர். சாதுவான பையன். பத்திரகாளி சிவகாசியில் வாக்கப்பட்டிருந்தாள். கோபம் வந்தால் சிவகாசியின் மொத்தச் சரக்கும் தனக்குள்ளே இருப்பதுபோல வெடிப்பாள். அண்ணன் மெட்ராஸிலிருந்து வந்த மறுநாளே வெடித்தாள்.

"அண்ணே, இது உம் பொண்டாட்டி வீட்டு ரத்தம். நம்ம வீட்டுல இப்படி ஒண்ணு உண்டா? எம் மகனுக்கு இந்த ரத்தம் வேண்டாம்."

"ஏ பத்திரகாளி, எம் பொண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவன்தான ஒம் புருஷன்? எம் பொண்டாட்டி வீட்டு ரத்தம்னா ஒம் மகனுக்கு ஏற்கெனவே பாதி ஏறியாச்சு."

பத்திரகாளியின் புருஷன் கண்ணுச்சாமி காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். "மாப்ளே, எங்க வீட்ட ஏன் இழுக்கீக? எங்க வீட்டு ரத்தத்துக்கு என்ன கொறச்சல்? உங்க வீட்டுப் பக்கமா இருக்கும்."

"எங்க வீட்டுப் பக்கம்னா ஒம் பொண்டாட்டி எந்த வீடாம்? அவளும் எங்க வீட்டுலருந்துதான வந்தா?"

"இந்தாங்க, மொதல்ல உங்க அம்மா எந்த வீடு?" என்று தங்கத்தாய் அடுப்படியிலிருந்தே கேட்டாள். "எங்க அப்பாவுக்குக் கூடப்பிறந்தவுகதான?"

நாலு தலைமுறையாகச் சொத்து வெளியே போகக்கூடாது என்று மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டிக் கட்டி, பெண் கொடுத்த இடத்திலேயே பெண் எடுத்து எடுத்து, அந்தக் குடும்பத்தில் "உங்க வீடு" என்று விரல் நீட்டினால் அது ஒரு சுற்றுச் சுற்றி வந்து நீட்டியவரின் நெஞ்சிலேயே குத்துகிற நிலைமை வந்திருந்தது. சொத்து பத்திரமாக இருந்தது. கூடவே வேறு எதெல்லாம் பத்திரமாக இருந்ததோ, யார் கண்டது?

"எதுவா இருந்தாலும், எவ வழியில வந்ததுன்னு தெரியாம எம் மகன் தாலி எடுக்க மாட்டான்" என்று பத்திரகாளி எழுந்துபோனாள். வேலுச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். லட்சுமிகாந்தம் உள்ளே கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மரத்துப்போனது கால்தானே தவிர, காது அல்ல.

அன்றிரவே காசிராஜன் ஓர் இன்லாண்டு லெட்டரை எடுத்தார். மனசு குறுகுறுத்தது. மகளுக்கு வைத்தியம் சரியாக நடக்க வேண்டுமானால் உண்மை போய்ச் சேர வேண்டும். அதே சமயம், உண்மை தன் வீட்டு விலாசத்தில் போய்ச் சேரக்கூடாது. யோசித்து யோசித்து எழுதினார்: "என் மனைவிக்கு அத்தை ஒருவர். சிறுவயதில் ஒரு கண் மங்கித் தெளிந்ததாகக் கேள்வி. தற்சமயம் காசிக்குப் போய்விட்டார்." பெயர் எழுதவில்லை. மூத்தவர்கள் பெயரைக் கடுதாசியில் எழுதுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. மரியாதைக் குறைவு. பொய் எழுதினால் அது மரியாதைக் குறைவாகாது.

அவருக்குத் தெரியாதது, அதே வாரத்தில் அந்தக் குடும்பத்திலிருந்து இன்னும் மூன்று கடுதாசிகள் மெட்ராஸுக்குப் புறப்பட்டன என்பது.

கார்த்திகைக் கடைசியில் டாக்டரிடமிருந்து பதில் வந்தது. தபால்காரர் அதைக் கொண்டுவந்த நேரம் பார்த்துப் பத்திரகாளியும் வீட்டில் இருந்தாள். கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருந்தாள். ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒருமணி நேரமாகக் கத்தரிக்காய் விலையைப் பேசிக்கொண்டிருந்தாள். கண் தெளிவாக இருந்த லட்சுமிகாந்தமே கடுதாசியை உரக்கப் படித்தாள்.

"'தங்கள் குடும்பத்தில் இந்நோய் கண்டவர்கள் தங்கள் மகள் நீங்கலாக நான்கு பேர் என்று கடிதங்கள் மூலம் அறிந்தேன். ஒரே குடும்பத்தில் ஐவர் என்பது நம் தேசத்தில் கேள்விப்படாத விஷயம். மார்கழி முதல் வாரத்தில் நேரில் வருகிறேன்.'"

"நாலு பேரா!" பத்திரகாளிக்குத் தொடக்கம் கிடைத்துவிட்டது. "அண்ணே, கல்யாணம் கெடையாது. நாலு பேரு இருக்கிற வீட்டுல, அஞ்சாவதா ஒருத்திய எம் மகன் தலையில கட்டவா?"

காசிராஜன் விரல்விட்டு எண்ணினார். தான் எழுதியது ஒன்று. மிச்சம் மூன்று யார்? வம்சம் முழுவதையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவர் காலையும் உற்றுப்பார்த்தார். எல்லாரும் நொண்டுவதுபோலவே இருந்தது. மெல்ல எழுந்து, ஒருவரும் பார்க்காதபோது தன் கட்டைவிரலை ஆட்டிப்பார்த்துக்கொண்டார். ஆடியது.

லட்சுமிகாந்தம் கடுதாசியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, அந்த நாலு பேரையும் என்ன செஞ்சீக?"

"என்ன செஞ்சோம்னா?"

"அவுக எங்க இருக்காக? ஒருத்தரக்கூட நான் பாத்ததில்லையே. என்னயும் அங்கனதான அனுப்புவீக? அது எங்கன்னு தெரிஞ்சா தேவலை."

காசிராஜனுக்கு எந்தச் சந்தர்ப்பத்துக்கும் ஒரு பேச்சு இருக்கும். அன்றைக்கு ஆபீசுக்கு நேரமாச்சு என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

டாக்டர் குஞ்சிதபாதம் விருதுநகர் ஜங்ஷனில் ஒரு தோல்பையோடும் சுருட்டிய பெரிய தாளோடும் இறங்கினார். மிளகாய் மண்டிகளின் நெடியில் ஸ்டேஷனிலிருந்து வெளியே வருவதற்குள் பதினெட்டுத் தும்மல் போட்டார். தும்மலுக்கு நடுநடுவே, உலகத்து டாக்டர்களெல்லாம் படிக்கிற பத்திரிகையில் இந்தக் குடும்பத்தைப்பற்றி எழுதப்போவதாகச் சொன்னார். காசிராஜன் அவரை வாடகைக் காரில் திருத்தங்கலுக்குக் கூட்டிவந்ததும், டாக்டர் கூடத்துச் சுவரில் தாளை விரித்து ஆணியடித்து மாட்டினார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் கண்டவருக்கு உள்ளே கறுப்பு மை. ஐந்து வட்டங்கள் கறுத்திருந்தன. பத்திரகாளியும் கண்ணுச்சாமியும் வேலுச்சாமியும் வந்திருந்தார்கள். கல்யாணம் இல்லையென்றாலும் வம்சம் சுவரில் தொங்குவதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

"முதல் ஆள், திருமதி தங்கத்தாயின் அத்தை. கண் மங்கித் தெளிஞ்சது. இவங்க எங்க?"

"காசிக்குப் போயிட்டாக" என்றார் காசிராஜன், சுவரைப் பார்த்து.

"ரெண்டாவது, காசிராஜனின் சின்னம்மா. கால் விழுந்துபோச்சு. இவங்க?"

"கெணத்துல விழுந்து தவறிட்டாக" என்றாள் தங்கத்தாய் மெதுவாக. காசிராஜன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தங்கத்தாய் முந்தானையைத் திருகினாள்.

"மூணாவது, கண்ணுச்சாமியின் அத்தை. கை நடுக்கம், டம்ளர் பிடிக்க முடியாது."

"கொழும்புல இருக்காக" என்றாள் பத்திரகாளி. இந்தத் தடவை கண்ணுச்சாமி திரும்பிப் பார்த்தார்.

"நாலாவது, பத்திரகாளியின் சின்னம்மா. பேச்சு குழறும்."

"வாந்திபேதியில போயிட்டாக, டாக்டர்" என்றார் கண்ணுச்சாமி. பத்திரகாளி அவரைப் பார்த்த பார்வைக்கு எந்த வட்டத்திலும் இடம் போதாது.

டாக்டருக்கு முகம் வாடியது. நாலில் இரண்டு பேர் செத்துப்போய், ஒருவர் கடல் தாண்டி, ஒருவர் கங்கைக் கரையில். சுத்தியலை எடுத்து வந்ததற்குத் தட்டிப்பார்க்க ஒரு முழங்கால்கூட மிச்சமில்லை.

லட்சுமிகாந்தம் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். அச்சாபீசில் முதல் தாளைப் பார்ப்பதுபோல முகத்தைக் கிட்டே கொண்டுபோய், தள்ளி நின்று, மறுபடி கிட்டே போய்ப் பார்த்தாள்.

"டாக்டர், எங்க அம்மாவும் கண்ணுச்சாமி மாமாவும் அண்ணன் தங்கச்சி. அவுகளுக்கு ஒரே ஒரு அத்தைதான உண்டு, எங்க அப்பாவப் பெத்தவுகளத் தவிர?" அவள் விரல் ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயிற்று. "எங்க அப்பாவும் பத்திரகாளி அத்தையும் அண்ணன் தங்கச்சி. அவுகளுக்கு ஒரே ஒரு சின்னம்மா. எங்க அம்மாவுக்கு அத்தையா இருக்கிறவுகதான் எங்க அப்பாவுக்குச் சின்னம்மா." திரும்பினாள். "இது நாலு ஆளு இல்ல. நாலு கல்லுல அடிச்ச ஒரே படம். ஆளாளுக்கு ஒரு நெறத்த எடுத்துக்கிட்டு, அடுத்தவுக பக்கமாத் தள்ளி அடிச்சிருக்காக."

டாக்டர் தாளைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு பேனாவை எடுத்து மூன்று வட்டங்களை அடித்தார். அடிக்கும்போது பாவம், உலகத்துப் பத்திரிகையை அடிப்பதுபோலத்தான் இருந்தது.

"கண்ணு, காலு, கை, பேச்சு" என்றார் தனக்குத்தானே. "அத்தனையும் ஒரே ஆளுக்கு. அப்போ சந்தேகமே இல்ல, இது அதே வியாதிதான். நாலு பேரும் பொய் சொல்லியிருக்கேள். நாலையும் சேர்த்தா முழு நோயாளி கிடைக்கறா. இந்த மாதிரி கேஸ் ஹிஸ்டரி நான் பார்த்ததே இல்ல." லட்சுமிகாந்தத்தின் வட்டம் போக மிச்சமிருந்த ஒன்றில் பேனாவை வைத்தார். "இவங்க செத்துட்டாளா, காசியா, கொழும்பா?"

எல்லாரும் காசிராஜனைப் பார்த்தார்கள். குடும்பத்துக்கு மூத்தவர் அவர். பேச்சுக்காரரும் அவர்.

"எம். புதுப்பட்டியில இருக்காக" என்றார் காசிராஜன்.

மிச்சமிருந்த அந்த வட்டத்தின் பெயர் ராமுத்தாய். காசிராஜனுக்குச் சின்னம்மா என்றாலும் வயதில் மூன்றுதான் மூப்பு. சின்ன வயதில் இருவரும் ஒன்றாகப் பம்பரம் விட்டவர்கள். இருபத்திரண்டு வயதில் விருதுநகரில் வாக்கப்பட்ட வீட்டிலிருந்து, "கை கால் வெளங்காததைத் தலையில கட்டிட்டீக" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்போது பத்திரகாளிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். கொஞ்ச நாளைக்கு என்று புதுப்பட்டிப் பழைய வீட்டின் பின்கட்டில் கொண்டுவைத்தார்கள். பார்த்துக்கொள்ளப் பஞ்சம்மாள் என்ற பெண்பிள்ளை. பத்திரகாளிக்குக் கல்யாணம் முடிந்ததும் கண்ணுச்சாமியின் தம்பிக்கு, பிறகு அடுத்தவருக்கு. கல்யாணம் இல்லாத வருஷமே அந்தக் குடும்பத்தில் இல்லை. கொஞ்ச நாள் இருபத்தாறு வருஷமாயிற்று. காசிக்குப் போயிருப்பதாகச் சொன்னது காசிராஜனின் யோசனை. புண்ணியமான ஊராக இருக்கட்டும் என்று நினைத்தார்.

அன்று மத்தியானமே காரில் போனார்கள். பத்திரகாளி வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

பின்கட்டு சுத்தமாகத்தான் இருந்தது. கயிற்றுக் கட்டிலில் சுவரில் சாய்ந்தபடி ராமுத்தாய் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாய், இழுத்து இழுத்து வந்தன. ஆனால் ஒன்றுகூடக் குறி தப்பவில்லை.

"ஏலே காசி. அம்புட்டுத் தூரம் ரயிலேறிக் காசிக்கே வந்துட்டியா? கூட்டம் எப்படி?"

காசிராஜன் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் தன் சுத்தியலையும் ஊசியையும் எடுத்தார். சாவியால் உள்ளங்காலில் கோடு இழுத்தபோது கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது. ராமுத்தாய் சிரித்தார். "கூசுது, ஐயா. இருபத்தாறு வருசத்துல எங்காலத் தொட்டது பஞ்சம்மா மட்டுந்தான்."

"முதன்முதல்ல என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. பொங்கலுக்குச் சேப்புச் சேல எடுத்தாக. நான் வெளுத்த சேல வேண்டாம்னு சண்டை போட்டேன். ஒத்தக் கண்ணால பாத்தா வெளுப்பு, மத்தக் கண்ணால பாத்தா சேப்பு. எங்கம்மா கிறுக்கச்சின்னு அடிச்சாக."

லட்சுமிகாந்தம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் அதே மாதிரிதான், சின்னாச்சி. பழைய செங்கல் மாதிரி."

"ஆமா! செங்கல்தான்" என்றார் ராமுத்தாய். முகம் அப்படியே மலர்ந்தது. ஒரே ஊரைச் சேர்ந்த இருவர் பரதேசத்தில் சந்தித்துக்கொண்டதுபோல இருவரும் பேசத் தொடங்கினார்கள். வெயிலில் நின்றால் காலில் வலு குறைவதைப்பற்றி. முதுகில் மின்சாரம் ஓடுவதைப்பற்றி. காசிராஜன் நின்றுகொண்டே கேட்டார். மகளுக்கு இப்படியெல்லாம் செய்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் எப்போதும் "சரியாப் போயிரும் தாயி"தான்.

முற்றத்தில் பத்திரகாளி டாக்டரைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர், ஒண்ணு சொல்லுங்க. எம் மகனுக்கு இவளக் கட்டினா பொறக்குற புள்ளைகளுக்கு வருமா?"

"அம்மா, யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ரத்தத்துல ஏதோ இருந்தா மட்டும் வியாதி வந்துடாது. அது வெறும் பட்டாசு மருந்துத் தூள் மாதிரி. பத்தவைக்கறது வேற ஏதோ ஒண்ணு, அது என்னன்னு எங்களுக்கே தெரியாது. இந்த மாதிரிக் குடும்பங்கள்ல நூறு பேருக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோ. மத்தவா நன்னா இருப்பா. நீங்க சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கறதால ரெண்டு பக்கமும் அதே தூள் இருக்கலாம், கொஞ்சம் கூடலாம். அதையும் சொல்லிடறேன்."

"ரெண்டு பக்கமும்னா? எம் மகனுக்குமா?"

"உங்க பையனுக்கும் இருக்கலாம். உங்களுக்கும் இருக்கலாம்."

பத்திரகாளியின் மனசுக்குள் தராசு ஆடுவது காசிராஜனுக்குத் தெரிந்தது. பிறகு அவர் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, தையிலயே முடிச்சிருவோம்."

"எதை?"

"கல்யாணத்தத்தான். வெளியில தெரிஞ்சா எம் மகனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? இருக்கிறது நமக்குள்ளயே இருந்துட்டுப் போகட்டும். சின்னம்மா மட்டும் காசியிலயே இருக்கட்டும். சரியா?"

வியாதி இருக்கிறது என்று நிறுத்திய கல்யாணம், வியாதி இருக்கிறது என்பதாலேயே மறுபடி கூடி வந்தது. காசிராஜனுக்கு வேண்டியதும் இதுதான். தை மாதம், தாலி, மகளுக்கு ஒரு வீடு. "சரி" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"சரியில்ல" என்றாள் லட்சுமிகாந்தம், கதவருகில் நின்று. "சின்னாச்சி மணவறைக்கு முன்னால உக்காந்தாதான் நான் கழுத்த நீட்டுவேன். இல்லன்னா எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

"ஏ, உனக்குக் கிறுக்கா? ஊரே பாக்குமே!" என்றாள் பத்திரகாளி.

அதுவரை முற்றத்து ஓரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த வேலுச்சாமி வாயைத் திறந்தான். பத்திரகாளி பார்த்தாள். அவன் மூடவில்லை.

"அம்மா, எனக்கும் அதே ரத்தந்தானாம். நாளைக்கு எனக்குக் கால் விழுந்தா என்னய எந்த ஊருக்கு அனுப்புவ?"

பத்திரகாளியின் முகம் கோணியது. மகனுடைய காலைப் பார்த்தாள். குழந்தையில் எண்ணெய் தேய்த்து நீவிவிட்ட கால். "உன்ன எதுக்குடா அனுப்புறேன்" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. கட்டில் பக்கம் போய் நின்றாள். ராமுத்தாயின் முந்தானை கலைந்திருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, "தலைக்கு எண்ணெய் வச்சு எம்புட்டு நாளாச்சு? பஞ்சம்மா என்னதான் செய்தா?" என்று எதிரே இல்லாதவளை ஏசினாள். அழுகையைக் கோபமாகத்தான் அவளால் வெளியே விட முடியும்.

"ஏன் அத்தை, வர்றாகளான்னு சின்னாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள் லட்சுமிகாந்தம்.

"கேக்கவே வேண்டாம்" என்றார் ராமுத்தாய். "காசி அலுத்துப்போச்சு."

காசிராஜன் குனிந்து சின்னம்மாவைத் தூக்கினார். கனமாக இருப்பார் என்று நினைத்திருந்தார். ஒரு ரீம் லேபில் தாள் அளவுக்குக்கூட இல்லை. காரில் ஏற்றியதும் பத்திரகாளி பழக்கதோஷத்தில் ஜன்னலுக்குத் துண்டு கட்டப் போனாள். வேலுச்சாமி துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

திருத்தங்கல் பஸ் நிற்கிற இடத்தில் கார் சூடேறி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடிப் போனார். மாலை நேரம், கம்பெனி விட்டு ஊரே தெருவில் இருந்தது. டீக்கடைக்காரர் பெத்தணன் கண்ணாடி டம்ளரைத் துடைத்தபடி வந்து ஜன்னலில் தலையை நீட்டினார். அவருக்குத் தெரிந்தால் போதும், மறுநாள் சாத்தூர்வரை தெரியும்.

"அண்ணாச்சி, வாங்க. இவுக யாரு? தெரியலியே?"

காசிராஜனின் நாக்கு தானாகவே புறப்பட்டது. "எங்க சம்சாரத்தோட..." என்றது. மகள் பின்னாலிருந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"எங்க சின்னம்மா. எங்கம்மா கூடப்பிறந்தவுக. நரம்பு வியாதி, காலு முடியாது. எம் மகளுக்கும் அதே வியாதிதான். புதுப்பட்டியிலதான் இருந்தாக. காசிக்கெல்லாம் போகல, நான் சொன்னது பொய்."

சொல்லி முடித்ததும் வியர்த்துவிட்டது. இடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார்.

பெத்தணன் ராமுத்தாயைப் பார்த்தார். "கும்பிடுறேன் தாயி, டீ சாப்பிடுறீகளா? சீனி போடலாமா?" என்று கேட்டார். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காசிராஜனின் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, அந்த டாக்டரு இன்னும் எத்தன நாளு இங்கன இருப்பாரு? எங்க பெரியப்பா பளனிக்குப் போயி பதினாலு வருசமாச்சு. எங்க வீட்டு மச்சுலதான் இருக்காரு."